சத்தம் போட்டா ஸ்பீடு வந்துடுமா?



போன பதிவில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதி பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டதாகப் புகார் வந்திருக்கிறது. அதனால் இந்த முறை கார். அதிலும் டீசல் கார். அதிலும் சைலன்சரைக் கழற்றிப் போட்ட டீசல் கார் :)

எங்க நெய்க்காரப்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாயங்காலம் பழனி ரோட்டில் நின்றால் போதும். முதலில் சத்தம் வரும். அரை நிமிஷம் கழித்து கார் வரும். கார் போய் ஒரு நிமிஷம் ஆனாலும் புகை மட்டும் போகாது. வண்டி பெரும்பாலும் பழைய ஸ்விஃப்ட் டீசலாக இருக்கும். ஓட்டுகிற அண்ணனிடம் கேட்டால், "ஃப்ரீஃப்ளோ போட்டிருக்கேன் தம்பி, கோன் ஃபில்டர் மாட்டியிருக்கேன், பிக்கப் சும்மா பிச்சிக்கிட்டு போகுது" என்பார்.

இந்தப் பதிவு அந்த "பிச்சிக்கிட்டு போகுது" பற்றித்தான். சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுவதற்கு வசதியாக இருக்கும். டீசல் காரில் காற்று உள்ளே போகிற வழியையும் புகை வெளியே வருகிற வழியையும் மட்டும் மாற்றினால் கிடைப்பது வேகம் இல்லை, சத்தம். அந்தச் சத்தத்துக்குக் காசு கொடுப்பது காரின் ஓனர். மிச்ச பில்லைக் கட்டுவது ரோட்டில் நடந்து போகிறவர்கள்.

பி.காம். படிக்கிறவனுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று மெக்கானிக்கல் மாப்பிள்ளைகள் கேட்கலாம். இன்ஜினும் ஒரு வரவு செலவுக் கணக்குதான் பாஸ். உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, நடுவில் யார் எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் இந்த டீசல் கார்கள் எல்லாம் எப்படி நம்ம ஊர் வரைக்கும் வந்தன என்று பார்த்துவிடுவோம். ஸ்விஃப்ட் டீசல் இந்தியாவில் வந்தது 2007-ல். அதில் இருந்தது ஃபியட் கம்பெனியின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின், 1,248 சி.சி. அதே இன்ஜின் டாடாவிலும் வந்தது, செவர்லேயிலும் வந்தது, ஃபியட்டிலும் வந்தது. "இந்தியாவின் தேசிய இன்ஜின்" என்று கார்ப் பிரியர்கள் அதற்குப் பட்டமே கொடுத்தார்கள். அப்போது டீசல் விலையை அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் ஏறக்குறைய 41 ரூபாய்தான். இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு யார் பெட்ரோல் கார் வாங்குவார்கள்? 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் விற்ற கார்கள் எங்கே போகும்? ஒரு கை மாறி, இரண்டு கை மாறி நம்ம பசங்க கைக்கு வந்துவிட்டன. வாரண்டி முடிந்த வண்டி, ஓனருக்கு இருபத்து நாலு வயசு. அப்புறம் கை சும்மா இருக்குமா?

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க ஊர்ப் பக்கம் கரும்பு ஆலைக் கொட்டகை பார்த்திருப்பீர்கள். பெரிய கொப்பரையில் கரும்புப்பால் கொதிக்கும். கீழே அடுப்பு. ஒருத்தர் உட்கார்ந்து காய்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டே இருப்பார். எவ்வளவு கொதிக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் அவர்தான். சக்கை அதிகம் தள்ளினால் தீ அதிகம், குறைத்தால் குறைவு. அடுப்புக்குக் காற்று தாராளமாகவே போய்க்கொண்டிருக்கும். இப்போது ஒருத்தர் வந்து, "அடுப்பு வாயை இன்னும் பெரிசா இடிச்சு விடறேன், பால் சீக்கிரம் கொதிக்கும்" என்றால் சிரிப்பீர்களா இல்லையா? சக்கை அதே அளவுதானே போகிறது!

டீசல் இன்ஜின் அந்த அடுப்பு மாதிரிதான். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று போகிற கதவு திறக்கும். வந்த காற்றுக்குத் தகுந்த மாதிரி, ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு என்ற கணக்கில் பெட்ரோல் போகும். அதனால் அங்கே காற்று வழியைத் திறந்தால் ஏதாவது கொஞ்சம் கிடைக்க வாய்ப்பு உண்டு. டீசலில் கதையே வேறு. காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே போகிறது. நம்ம கால் கட்டுப்படுத்துவது டீசலின் அளவை. எவ்வளவு டீசல், எந்த நொடியில், எத்தனை தடவையாகப் பிரித்துத் தெளிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் ஈ.சி.யு. என்கிற குட்டிக் கம்ப்யூட்டர். அதுக்குத் தெரியாமல் நீங்கள் எவ்வளவு பெரிய ஃபில்டர் மாட்டினாலும் அது கூடுதலாக ஒரு சொட்டு டீசல் தராது. சக்கை தள்ளுகிறவர் அசையவே மாட்டார்.

அடுத்து அந்த கோன் ஃபில்டர். கம்பெனியில் வரும் காகித ஃபில்டர் மடிப்பு மடிப்பாக இருக்கும். அதைப் பெட்டிக்குள் வைத்து, முன்பக்கம் இருந்து வெளிக்காற்று வருகிற மாதிரி ஒரு குழாயும் வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு பானெட்டுக்குள்ளேயே ஒரு கோனை மாட்டினால் என்ன நடக்கும்? அது இன்ஜின் சூட்டில் வெந்த காற்றை இழுக்கும். காற்று 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். அதாவது "அதிகக் காற்று" வேண்டும் என்று மாட்டியது, நம்ம ஊர் மே மாத வெயிலில் குறைந்த காற்றைத்தான் தரும். டர்போ அதில் கொஞ்சம் ஈடுகட்டிவிடும், ஆனால் லாபம் என்று எதுவும் கையில் நிற்காது. உறிஞ்சும் சத்தம் மட்டும் உஸ்ஸ்ஸ் என்று கேட்கும். அந்த உஸ்ஸைக் கேட்டுத்தான் "டர்போ நல்லா எழும்புது" என்று நம்ம அண்ணன் நம்புகிறார்.

இதைவிட முக்கியமானது தூசி. கரும்பு டிராக்டர் ஓடுகிற ரோடு, செம்மண் காடு, அறுவடை நேரம். இந்த ஊரில் ஃபில்டரின் வேலை காற்றை விடுவது மட்டும் இல்லை, மண்ணைத் தடுப்பதும்தான். டர்போவின் சக்கரம் நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றுகிற சாமான். அதில் போய் மணல் துகள் மோதினால் அந்த இறக்கைகளின் விளிம்பு தேயும். அதைத் தாண்டிப் போனால் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். எண்ணெய் தடவிய ஃபில்டராக இருந்தால் அந்த எண்ணெய் போய்க் காற்றை அளக்கிற சென்சாரில் படியும். சென்சார் தப்பாகச் சொல்லும், கம்ப்யூட்டர் தப்பாகப் புரிந்துகொள்ளும், வண்டி முன்னைவிட மந்தமாகும். இத்தனையும் காசு கொடுத்து!

இப்போது பின்பக்கம் வருவோம். டர்போ என்பது என்ன? இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். வீணாகப் போகிற சக்தியைப் பிடித்து வேலை வாங்குகிற அருமையான ஏற்பாடு. டர்போவுக்குப் பின்னால் இருக்கும் பைப்பில் தடை குறைந்தால் அந்தச் சக்கரம் கொஞ்சம் சீக்கிரம் சுற்றத் தொடங்கும் என்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காற்றழுத்தம் எவ்வளவு வரைக்கும் போகலாம் என்பதற்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். அந்த எல்லை வந்ததும் மிச்சப் புகையை டர்போவுக்குள் விடாமல் வேறு வழியாகத் திருப்பிவிடுவார்கள். ஆக, ஸ்ட்ரெய்ட் பைப் போட்டால் தொடக்கத்தில் இம்மியளவு மாற்றம், அதற்கு மேல் பழைய குருடி கதவைத் திறடிதான்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி அந்த 1.3 மல்டிஜெட்டே. ஸ்விஃப்டில் அது 75 பி.எஸ். பவர், 190 நியூட்டன் மீட்டர் டார்க் தந்தது. 2011-ல் வந்த எஸ்.எக்ஸ். 4 டீசலில் அதே 1,248 சி.சி. இன்ஜின் 90 பி.எஸ்., 200 நியூட்டன் மீட்டர் தந்தது. அந்த 15 பி.எஸ். எங்கிருந்து வந்தது? சைலன்சரை அறுத்ததால் வரவில்லை. டர்போவையே மாற்றினார்கள். புகை போகிற வேகத்துக்கு ஏற்ப உள்ளே இருக்கும் இதழ்கள் திரும்புகிற மாதிரியான வேறு ரக டர்போ. அதற்கு ஏற்ற மாதிரி கம்ப்யூட்டர் கணக்கையும் மாற்றினார்கள். லேபும் இன்ஜினியர்களும் வைத்திருக்கிற கம்பெனிக்கே 15 பி.எஸ். கூட்ட இவ்வளவு வேலை ஆகிறது. நம்ம அண்ணன் இரண்டு மீட்டர் பைப்பும் ஒரு வெல்டிங் மெஷினும் வைத்துக்கொண்டு "குறைஞ்சது 20 எச்.பி. ஏறியிருக்கும்" என்கிறார். அளந்து பார்த்தாரா என்று கேட்கக்கூடாது. கேட்டால் நட்பு போய்விடும்.

"அப்போ ரீமேப்?" என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்வி. ஈ.சி.யு. கணக்கை மாற்றி எழுதினால் டீசல் காரில் நிஜமாகவே பவர் கூடும். ஏனென்றால் இப்போதுதான் சக்கை தள்ளுகிறவரிடமே பேசுகிறோம். ஆனால் சக்கையை அளவுக்கு மீறித் தள்ளினால் அடுப்பு என்ன செய்யும்? கரும்புகை கக்கும். டீசலும் அதேதான். எரிய முடியாத டீசல் கரியாகி வெளியே வரும். ரோட்டில் பார்க்கும் கருப்புப் புகை பவர் இல்லை மாப்ள, எரியாமல் போன உன் காசு. அதோடு வெளியேறும் புகையின் சூடு ஏறும், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் தங்களுக்குச் சொல்லப்படாத சுமையைத் தூக்கும். அளவாக, அளந்து செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பத்து வருஷ வண்டியில், லேப்டாப்பில் இறக்கிய ஏதோ ஒரு ஃபைலை ஏற்றிக்கொண்டு வருவது அந்தக் கணக்கில் சேராது.

இன்னொரு விஷயம். வேகத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யார் சொன்னது? பிரான்ஸில் லீ மான்ஸ் என்ற ஊரில் 24 மணி நேரம் ஓடுகிற கார் ரேஸ் நடக்கும். 2006-ல் அதை முதல் முறையாக ஒரு டீசல் கார் ஜெயித்தது. ஆடி ஆர் 10 டி.டி.ஐ. 5.5 லிட்டர், 12 சிலிண்டர், 650-க்கும் மேல் குதிரைத் திறன். அடுத்த இரண்டு வருஷமும் அதே கார்தான் ஜெயித்தது. அந்தக் காரைப் பற்றி எல்லாரும் ஆச்சரியப்பட்டது எதற்கு தெரியுமா? அது சத்தமே இல்லாமல் போனதற்கு! புகையின் சக்தியை டர்போக்கள் உறிஞ்சிவிட்டதால் பின்னால் சத்தத்துக்கு மிச்சம் இல்லை. அதோடு, ரேஸ் காராக இருந்தும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் அதில் மாட்டியிருந்தார்கள். லீ மான்ஸை ஜெயித்த டீசல் கார் ஃபில்டர் மாட்டிக்கொண்டு அமைதியாக ஓடியது. பழனி ரோட்டில் 60-ல் போகிற ஸ்விஃப்ட் ஊரையே எழுப்புகிறது. என்னத்த சொல்ல!

நம்ம பாடத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, ஃபில்டர், பைப், ரீமேப், கூலி எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம், கணக்கு சுலபம். 500 லிட்டர் டீசல். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றால் 9,000 கிலோமீட்டர். பழனியிலிருந்து காசிக்கு இரண்டு முறை போய்த் திரும்பலாம். அந்தப் பணத்தைத்தான் பைப்பில் விடுகிறோம். விற்கும்போது அந்த மாற்றத்துக்கு விலை ஏறுமா? பெரும்பாலும் "வண்டியைப் போட்டு அடிச்சிருக்கான்" என்று விலை குறையத்தான் செய்யும். நம்ம அக்கவுண்ட்ஸ் பாடத்தில் சொத்து என்றால் பிற்காலத்தில் பலன் தர வேண்டும். இது சொத்து இல்லை, செலவு.

இன்சூரன்ஸ் இன்னும் மோசம். காப்பீட்டின் முதல் கொள்கை என்ன என்று பரீட்சையில் எழுதியிருப்போம்: இரண்டு பக்கமும் எதையும் மறைக்கக்கூடாது. வண்டியில் மாற்றம் செய்ததைச் சொல்லாமல் பாலிசியைப் புதுப்பித்துக்கொண்டே வந்தால், பெரிய விபத்து என்று ஒன்று நடந்து க்ளெய்ம் போடும்போது, "நீங்கள் மறைத்துவிட்டீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு நாமே காரணம் கொடுத்துவிடுகிறோம். இரண்டு மார்க் கேள்விக்கு எழுதிய பதில் ஒரு நாள் இரண்டு லட்சத்துக்குக் கேட்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் ஓனரின் நஷ்டம். அவர் காசு, அவர் இஷ்டம் என்று விட்டுவிடலாம். நான் இந்தப் பதிவை எழுதுவது அதற்காக இல்லை.

எகனாமிக்ஸில் புறவிளைவு என்று ஒரு பாடம் வரும். பிகு என்கிற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1920-ல் ஒரு புத்தகத்தில் விரிவாக எழுதியது. ஒருத்தர் ஒரு காரியம் செய்கிறார், பலன் அவருக்கு, பாதிப்பு மட்டும் அதில் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆளுக்கு. அந்தப் பாதிப்பின் விலை எந்த பில்லிலும் வராது. இதற்கு உதாரணம் கேட்டால் நாம் ஆலைப் புகை, சாயக்கழிவு என்று எழுதிவிட்டு வருகிறோம். வாசலில் நிற்கிற காரை எழுதுவதில்லை.

தைப்பூச நேரத்தில் எங்க ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள். கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இருந்து வருகிற பாதயாத்திரைக் கூட்டம் ராத்திரி பகலாக ரோட்டோரம் நடந்துகொண்டே இருக்கும். வெறும் காலில் பாட்டி, தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா, காவடியோடு சின்னப் பையன்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடக்கிறவர்கள்தான் அதிகம். நடக்கிறவருக்கு மூச்சு வாங்கும், அதாவது காரில் உட்கார்ந்திருப்பவரைவிட ஆழமாகவும் வேகமாகவும் மூச்சை இழுப்பார். அவர் முகத்துக்கு நேராக, இரண்டடி உயரத்தில் அந்தப் பைப் கரும்புகையைத் துப்பிவிட்டுப் போகிறது. தோளில் தூங்கிய குழந்தை அந்தச் சத்தத்தில் வீறிட்டு எழுகிறது. அந்தக் குடும்பத்துக்கு அந்தக் காரால் என்ன பிரயோஜனம்? ஒன்றும் இல்லை. ஆனால் விலையில் பங்கு மட்டும் உண்டு.

புகை என்றால் ஏதோ கண் எரிச்சல், தும்மல் என்று நினைக்கவேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012 ஜூனில் டீசல் புகையை மனிதனுக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பட்டியல்.

புதிய பி.எஸ். 6 டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பி.எஸ். 4 விதியில் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்துகள் விடலாம். பி.எஸ். 6-ல் அது 4.5 மில்லிகிராம். கிட்டத்தட்ட 82 சதவீதம் குறைப்பு. அதைச் சாதிக்கிற முக்கியமான சாமான் டி.பி.எஃப். என்கிற கரி வடிகட்டி. அது அடைத்துக்கொள்கிறது, டவுனுக்குள்ளேயே ஓட்டினால் தொல்லை கொடுக்கிறது என்று அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் பைப் வைக்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. வெட்டி எடுப்பது ஒரு சின்ன உருளையைத்தான். ஆனால் புதுக் காருக்கு நாம் கூடுதலாகக் கொடுத்த விலையில் ஒரு பகுதி அந்த உருளைக்காகத்தான். அதையும் கொடுத்துவிட்டு, எடுக்கவும் கொடுக்கிறோம்!

"நாலு பேர் மாத்தினா உலகம் அழிஞ்சிடுமா?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. பத்து வருஷ காலத்தில் அங்கே 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்களைக் கழற்றியிருக்கிறார்கள் என்று 2020-ல் அறிக்கை வந்தது. அவை கூடுதலாக விடும் நச்சுப் புகை, ரோட்டில் புதிதாக 90 லட்சம் வண்டிகளை இறக்கிவிட்டதற்குச் சமமாம். ஒரு வண்டி பதினாறு வண்டிக்குச் சமம். நாலு பேர் மாற்றினால் அறுபத்து நாலு வண்டி புதிதாக வந்த மாதிரி.

ஃபோக்ஸ்வேகன் கதை ஞாபகம் இருக்கிறதா? 2015 செப்டம்பரில் மாட்டிக்கொண்டார்கள். சோதனை நேரத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டு, ரோட்டில் இறங்கியதும் புகையை அவிழ்த்துவிடும் மென்பொருளை உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். இந்தியாவிலும் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. அப்போது எல்லாருக்கும் கோபம் வந்தது, சரிதான். அந்தக் கம்பெனி திருட்டுத்தனமாக, மறைத்துச் செய்தது. அதையே நாம் வெளிப்படையாக, பின்னால் ஸ்டிக்கர் ஒட்டி, வீடியோ எடுத்துப் போட்டுச் செய்கிறோம். கம்பெனி செய்தால் மோசடி, மாப்பிள்ளை செய்தால் மாஸா?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை அடித்துச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாமல் மாற்றம் செய்யும் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறிப் பொது இடத்தில் ஓட்டினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் அளவு என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. 10 டெசிபல் கூடினால் நம்ம காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் நடக்கிறது? பிடிப்பது கஷ்டம் என்பதால்தான். புகைச் சோதனையில் வண்டியை நிறுத்திவைத்து, சுமை இல்லாமல் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்ப்பார்கள். ரீமேப் செய்த வண்டி கருப்பாகக் கக்குவது மேட்டில் ஏறும்போதும், ஓவர்டேக் எடுக்கும்போதும். சோதனை பார்க்கிற நேரம் வேறு, புகை வருகிற நேரம் வேறு. அதனால் இது போலீஸ் பார்த்து நிற்கிற விஷயம் இல்லை. பைப்பை வெட்டச் சொல்கிறவன் யோசித்தால்தான் நிற்கும்.

இங்கே வழக்கமாக வரும் ஒரு வாதம் உண்டு. "பஸ்ஸும் லாரியும் விடாத புகையா? அவங்களைக் கேட்டியா?" கேட்கிறேன். புகை கக்குகிற பஸ்ஸைச் சரிசெய்யத்தான் வேண்டும், அதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அந்த பஸ்ஸில் ஐம்பது பேர் போகிறார்கள். லாரியில் யாரோ ஒருவருடைய வெங்காயமோ வெல்லமோ போகிறது. அது பராமரிப்பு போதாமல் விடுகிற புகை. நல்லா இருந்த வண்டியைக் காசு கொடுத்துப் புகைய வைப்பது வேறு ரகம். பக்கத்து வீட்டுக்காரர் குப்பையைத் தெருவில் போடுகிறார் என்பதற்காக நம்ம வீட்டுக் குப்பைத்தொட்டியை உடைத்துக்கொள்வோமா?

கடைசியாக ஒன்று. நான் மாடிஃபிகேஷனுக்கு எதிரி இல்லை. வண்டியைப் பிரித்துப் பார்க்கிற ஆசை நல்ல ஆசை. கோவையின் ஜி.டி. நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித்தான் மெக்கானிக் ஆனார். அதே கோவையின் கரிவர்தன் மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டினார். இன்றைக்கு இந்திய ரேஸிங் இருக்கிற இடத்துக்கு அவர் போட்ட பாதை பெரிசு. 1995-ல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2010-ல் தொடங்கிய போலோ கப் ரேஸில் முதலில் ஓடியது 1.6 லிட்டர் டீசல் போலோ, 130 பி.எஸ். டீசல் காரில் ரேஸ் விடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு டிராக் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது, சுற்றிலும் நிற்பவர்கள் டிக்கெட் எடுத்து வந்து நிற்பவர்கள். பழனிக்கு நடப்பவர்கள் யாரும் உங்கள் ரேஸுக்கு டிக்கெட் எடுக்கவில்லை.

வண்டி மந்தமாக இருக்கிறது என்றால் முதலில் செய்ய வேண்டியது இதெல்லாம்:

காகித ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். நம்ம தூசிக்கு, புக்கில் போட்டிருப்பதைவிடச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும்.

டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை இறக்குங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள்.

டர்போவுக்குப் போகிற ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய வண்டிகளில் "பிக்கப் இல்லை" என்பதற்கு இதுதான் காரணம்.

ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்திருந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அடைக்கச் சொல்லாதீர்கள்.

டயரில் காற்று, வீல் அலைன்மென்ட், பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டிக்கியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் சப்வூஃபரை இறக்கி வையுங்கள் :)

இவ்வளவும் செய்தால் கம்பெனி கொடுத்த 75 பி.எஸ். முழுசாகத் திரும்பக் கிடைக்கும். பாதி வண்டிகளில் தொலைந்து போனதே அதுதான். அதைத் தேடாமல் புதுசாக 20 எச்.பி. தேடுகிறோம்.

அடுத்த தைப்பூசத்துக்குள் நம்ம செட்டில் யாராவது ஒருத்தர் பழைய சைலன்சரைப் பரணில் இருந்து இறக்கி மாட்டினால் சொல்லுங்கள், டீ என் செலவு.

டிஸ்கி: இதில் வரும் "அண்ணன்" யாரையும் குறிப்பிடுவன அல்ல. நான்தான் அது என்று யாருக்காவது தோன்றினால், கம்பெனி பொறுப்பல்ல. ஹி ஹி.